பல ரெப்போக்களில் ஒரே மாற்றம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொதுவான லைப்ரரி ஒரு ரெப்போவில் (கிட் கோடை வரலாற்றோடு வைத்திருக்கும் களஞ்சியம்), அதைப் பயன்படுத்தும் சர்வர் இன்னொன்றில், மொபைல் ஆப் மூன்றாவதில். பல டீம்களில் இதுதான் அமைப்பு. மூன்றையும் தொடும் மாற்றம் வரும்போது திரும்பத் திரும்பக் கேட்கப்படும் சந்தேகங்கள் இவை. எடுத்துக்காட்டுகளில் 'வரி' என்பது லைப்ரரி. 'சர்வர்', 'மொபைல்' இரண்டும் அதை கிட் சப்மாட்யூலாக (ஒரு ரெப்போவுக்குள் இணைக்கப்பட்ட இன்னொரு ரெப்போவாக) வைத்திருக்கும் பேரன்ட் ரெப்போக்கள். கட்டளைகள் தமிழ் எழுத்தில் உள்ளன. டெர்மினலில் வழக்கம்போல் ஆங்கிலத்தில் தட்டுங்கள்.

1. மூணு ரெப்போவிலும் ஒரே மாற்றம். மூணையும் ஒரே கமிட்டா போட வழி இருக்கா?

இல்லை. கிட்டில் ஒரு கமிட் ஒரே ஒரு ரெப்போவுக்குத்தான் சொந்தம். `கிட் புஷ் --அட்டாமிக்` என்று ஒன்று இருக்கிறதே என்பார்கள். ஒரே ரிமோட்டில் இருக்கும் பல பிராஞ்சுகளும் டேகுகளும் 'எல்லாம் போகட்டும், இல்லையென்றால் ஒன்றும் போக வேண்டாம்' என்று சேர்ந்து போவதற்குத்தான் அது. இரண்டு ரெப்போக்களைச் சேர்த்துக் கட்ட அதால் முடியாது.

ஆகவே ஒரு ரெப்போ புதியதாகவும் இன்னொன்று பழையதாகவும் இருக்கும் இடைவெளி கட்டாயம் வரும். இரண்டு நிமிடமோ இரண்டு வாரமோ, அந்த இடைவெளியில் எதுவும் உடையாமல் பார்த்துக்கொள்வதுதான் நம் வேலை. இந்தப் பக்கத்தில் உள்ள பெரும்பாலான பதில்கள் அதைப் பற்றியவைதான்.

2. சப்மாட்யூல்னா லைப்ரரியோட காப்பி நம்ம ரெப்போவுக்குள்ள இருக்குன்னு அர்த்தமா?

காப்பி இல்லை. பேரன்ட் ரெப்போ தனக்குள் வைத்திருப்பது லைப்ரரியின் ஒரு கமிட் எண்ணை மட்டும்தான். சர்வர் ரெப்போவில் `கிட் எல்எஸ்-ட்ரீ ஹெட்` கொடுத்துப் பாருங்கள். மற்ற ஃபைல்கள் 100644 என்று தொடங்கும் வரிகளில் இருக்க, 'வரி' மட்டும் 160000 என்று தொடங்கி, 'கமிட்' என்ற சொல்லும் 40 எழுத்து எண்ணும் கொண்ட ஒரே வரியாக நிற்கும். அவ்வளவுதான். இந்த வரியைத்தான் கீழே பாயின்டர் என்கிறோம்.

எந்த ஃபோல்டர், எந்த முகவரி என்பது மட்டும் `.கிட்மாட்யூல்ஸ்` ஃபைலில் இருக்கும். அதில் 'பிராஞ்ச் = மெயின்' என்று எழுதிவிட்டால் பாயின்டர் தானாக மெயினோடு நகரும் என்று பலர் நினைக்கிறார்கள். நகராது. `கிட் சப்மாட்யூல் அப்டேட் --ரிமோட்` என்று நீங்களே கொடுக்கும்போது மட்டும்தான் அந்த வரியை கிட் பார்க்கும்.

3. குளோன் பண்ணினேன், 'வரி' ஃபோல்டர் காலியா இருக்கு. ஏன்?

சாதாரண குளோன் சப்மாட்யூல்களை இறக்காது. `கிட் குளோன் --ரிகர்ஸ்-சப்மாட்யூல்ஸ்` கொடுத்திருக்க வேண்டும். ஏற்கெனவே குளோன் செய்துவிட்டீர்கள் என்றால் `கிட் சப்மாட்யூல் அப்டேட் --இனிட் --ரிகர்சிவ்` போதும்.

டீமில் எல்லோரும் ஒருமுறை `கிட் கான்ஃபிக் --குளோபல் சப்மாட்யூல்.ரிகர்ஸ் ட்ரூ` வைத்துக்கொள்ளுங்கள். கிட் 2.14 முதல் இந்த அமைப்பு உண்டு. புல், செக்அவுட் செய்யும்போது சப்மாட்யூலும் கூடவே நகரும். குளோனுக்கு மட்டும் இது செல்லாது. யாராவது புதிதாக ஒரு சப்மாட்யூல் சேர்த்திருந்தால் ஒருமுறை இனிட் கொடுத்தே ஆக வேண்டும்.

4. எதை முதல்ல புஷ் பண்ணணும்?

எப்போதும் லைப்ரரியை. பேரன்ட்டில் இருப்பது எண் மட்டுமே என்பதால், அந்த எண்ணுக்குரிய கமிட் ரிமோட்டில் இல்லையென்றால் மற்றவர்களுக்கு பில்ட் ஆகாது. உங்கள் மெஷினில் மட்டும் எல்லாம் சரியாக ஓடும்; அதனால்தான் இந்தத் தவறு மாலை புஷ் செய்து மறுநாள் காலையில் தெரிய வருகிறது.

மறதிக்கு மருந்து: `கிட் கான்ஃபிக் புஷ்.ரிகர்ஸ்சப்மாட்யூல்ஸ் செக்`. லைப்ரரி கமிட் ரிமோட்டுக்குப் போகாமல் இருந்தால் பேரன்ட்டின் புஷ்ஷை கிட் நிறுத்திவிடும். 'செக்' இருக்கும் இடத்தில் 'ஆன்-டிமாண்ட்' என்று வைத்தால் லைப்ரரியையும் அதுவே புஷ் செய்யும். எங்கள் பரிந்துரை 'செக்'தான். லைப்ரரியில் எந்த பிராஞ்சுக்கு என்ன போகிறது என்பதை மனிதர் ஒருவர் பார்த்துச் செய்வது நல்லது.

5. சப்மாட்யூலுக்குள்ள கமிட் போட்டேன். அப்புறம் அப்டேட் கொடுத்தேன், கமிட்டையே காணோம்!

சப்மாட்யூல் அப்டேட் ஆனதும் அந்த ஃபோல்டர் எந்த பிராஞ்சிலும் நிற்காது. நேராக ஒரு கமிட்டில் நிற்கும். இதைத்தான் டிட்டாச்ட் ஹெட் என்கிறார்கள். அங்கே போட்ட கமிட்டுக்குப் பெயர் சொல்ல ஒரு பிராஞ்சும் இல்லை. அடுத்த அப்டேட் வந்ததும் ஹெட் நகர்ந்துவிடும், கமிட் கண்ணில் படாது.

கமிட் அழியவில்லை. ஹெட் இதுவரை நின்ற இடங்களின் பதிவேடு ரெஃப்லாக். 'வரி' ஃபோல்டருக்குள் போய் `கிட் ரெஃப்லாக்` கொடுங்கள், எண் தெரியும். `கிட் பிராஞ்ச் மீட்பு <எண்>` என்று பெயர் கொடுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். எந்த பிராஞ்சிலும் சேராத கமிட்டுகளின் ரெஃப்லாக் பதிவு இயல்பாக 30 நாள் வரை இருக்கும். அதன் பிறகு கிட் துப்புரவு செய்துவிடலாம். இனிமேல் சப்மாட்யூலுக்குள் கை வைக்கும் முன் `கிட் ஸ்விட்ச் -சி` கொடுத்து ஒரு பிராஞ்ச் போடுங்கள்.

6. லைப்ரரி புல் ரிக்வெஸ்ட் நல்லபடியா மெர்ஜ் ஆச்சு. கொஞ்ச நாள் கழிச்சு சர்வர் பில்ட் 'நாட் அவர் ரெஃப்'னு உடையுது. என்ன நடந்தது?

பெரும்பாலும் ஸ்குவாஷ் மெர்ஜ். நடப்பது இதுதான்: லைப்ரரியின் ஃபீச்சர் பிராஞ்சில் மூன்று கமிட்டுகள் போட்டீர்கள். மூன்றாவதன் எண்ணை சர்வரின் பாயின்டரில் வைத்தீர்கள். லைப்ரரியில் 'ஸ்குவாஷ்' பொத்தானை அழுத்தியதும் மூன்றும் சேர்ந்து புதிய எண்ணோடு ஒரே கமிட்டாக மெயினில் ஏறின. பிராஞ்ச் நீக்கப்பட்டது. இப்போது சர்வர் கைகாட்டும் கமிட்டை எந்த பிராஞ்சும் வைத்திருக்கவில்லை. ரிமோட் சர்வர் பழைய ஆப்ஜெக்டை உடனே அழிக்காது என்பதால் சில நாள் ஓடும், பிறகு உடையலாம். ரீபேஸ் மெர்ஜிலும் ஃபோர்ஸ் புஷ்ஷிலும் இதே கதைதான். 4ஆம் பதிலில் சொன்ன 'செக்' இதைப் பிடிக்காது. புஷ் செய்த நேரத்தில் அந்தக் கமிட் ஃபீச்சர் பிராஞ்சில் இருந்ததே.

தீர்வு ஒரு விதிதான்: பேரன்ட்டின் மெயினில் ஏறும் பாயின்டர், லைப்ரரியின் மெயினில் உள்ள கமிட்டையே காட்ட வேண்டும். ரிவ்யூ நடக்கும்போது ஃபீச்சர் பிராஞ்ச் கமிட்டைக் காட்டலாம். லைப்ரரி மெர்ஜ் ஆனதும், பேரன்ட் புல் ரிக்வெஸ்ட்டின் கடைசிக் கமிட்டாகப் பாயின்டரை மெயினுக்கு மாற்றிவிட்டு மெர்ஜ் செய்யுங்கள். சிஐயில் (மாற்றங்களைத் தானாக பில்ட் செய்து சோதிக்கும் அமைப்பில்) 'வரி' ஃபோல்டருக்குள் `கிட் மெர்ஜ்-பேஸ் --இஸ்-ஆன்செஸ்டர் ஹெட் ஆரிஜின்/மெயின்` ஓட்டினால் விதி மீறலை மெஷினே பிடிக்கும். இந்தச் சோதனைக்கு முழு வரலாறு வேண்டும். ஒரே கமிட் ஆழத்துக்கு ஃபெட்ச் செய்தால் தவறான பதில் வரும்.

ஏற்கெனவே உடைந்துவிட்டதா? அந்தக் கமிட் யாருடைய மெஷினிலாவது இருக்கும். அவர் அதையும் ஸ்குவாஷ் கமிட்டையும் `கிட் டிஃப்` செய்து பார்க்கட்டும். வேறுபாடே இல்லையென்றால் பாயின்டரை ஸ்குவாஷ் கமிட்டுக்கு நகர்த்திவிடலாம். இருந்தால், பழைய கமிட்டுக்கு ஒரு டேக் போட்டு லைப்ரரிக்கு புஷ் செய்து பில்ட்டை முதலில் எழுப்புங்கள், காரணத்தைப் பிறகு ஆராயலாம்.

7. யாருமே லைப்ரரியைத் தொடலை. ஆனா சர்வர்ல பழைய லைப்ரரி திரும்பி வந்திருக்கு. எப்படி?

சப்மாட்யூலில் அதிகம் நடப்பதும், தெரியாமலே நடப்பதும் இதுதான். ஒருவர் பாயின்டரை முன்னே நகர்த்தி மெர்ஜ் செய்கிறார். நீங்கள் `கிட் புல்` மட்டும் கொடுக்கிறீர்கள், சப்மாட்யூல் அப்டேட் கொடுக்கவில்லை. பாயின்டர் புதியது, உங்கள் ஃபோல்டரோ பழைய கமிட்டிலேயே நிற்கிறது. `கிட் ஸ்டேட்டஸ்` அதை 'மாடிஃபைட்: வரி, நியூ கமிட்ஸ்' என்று காட்டுகிறது. அது முன்னே போயிருக்கிறதா பின்னே போயிருக்கிறதா என்று அந்த வரி சொல்லாது. நீங்கள் வேறு ஏதோ வேலைக்காக `கிட் கமிட் -ஏ` அடிக்கிறீர்கள். பழைய எண் புதிய கமிட்டாக ஏறிவிடுகிறது. ரிவ்யூ செய்பவர் கண்ணிலும் ஒரே ஒரு வரி மாற்றம்தான் படும்.

`கிட் கான்ஃபிக் --குளோபல் டிஃப்.சப்மாட்யூல் லாக்` வைத்துவிட்டால் எண்களுக்குப் பதிலாக லைப்ரரி கமிட்டுகளின் தலைப்புகள் வரும். முன்னே போனால் ஒவ்வொரு வரியும் > என்று தொடங்கும். பின்னே போனால் < என்று தொடங்கி, மேலே 'ரீவைண்ட்' என்ற சொல்லும் இருக்கும். இரண்டு எண்களுக்கு நடுவே இரண்டு புள்ளிக்குப் பதில் மூன்று புள்ளி இருந்தால் இரண்டும் தனித்தனிப் பாதையில் பிரிந்திருக்கின்றன என்று பொருள். `ஸ்டேட்டஸ்.சப்மாட்யூல்சம்மரி ட்ரூ` வைத்தால் ஸ்டேட்டஸிலும் இதுபோன்ற சுருக்கம் தெரியும். 3ஆம் பதிலில் உள்ள ரிகர்ஸ் அமைப்பு இருந்தால் இந்த நிலை வருவதே குறையும்.

8. பாயின்டர்லயே மெர்ஜ் கான்ஃப்ளிக்ட் வந்திருக்கு. ஃபைல்ல எந்த அடையாளமும் இல்லையே, எப்படித் தீர்க்கறது?

ஒரு கமிட் மற்றதன் வரலாற்றுக்குள்ளேயே இருந்தால் கிட் தானாகவே பிந்தையதை எடுத்துக்கொள்ளும். அதற்கு இரண்டு கமிட்டுகளும் உங்கள் மெஷினில் இருக்க வேண்டும். அதனால் முதலில் 'வரி'க்குள் போய் `கிட் ஃபெட்ச்` கொடுத்துவிட்டு மெர்ஜை மறுபடி முயலுங்கள். பாதிக் கான்ஃப்ளிக்ட் இதிலேயே தீரும்.

தீரவில்லை என்றால் `கிட் எல்எஸ்-ஃபைல்ஸ் -யூ` கொடுங்கள். 1 பொது மூதாதை, 2 நம்முடையது, 3 அவர்களுடையது என்று மூன்று எண்கள் வரும். 2க்கும் 3க்கும் உள்ளதை லைப்ரரியில் முறைப்படி மெர்ஜ் செய்து, லைப்ரரியின் மெயினில் ஏற்றி, அந்தக் கமிட்டை 'வரி'யில் செக்அவுட் செய்து, பேரன்ட்டில் `கிட் ஆட் வரி` கொடுங்கள். அவசரத்தில் ஏதோ ஒரு பக்கத்தை எடுத்தால் மற்றவரின் வேலை சத்தமில்லாமல் காணாமல் போகும்.

9. லைப்ரரி ஃபங்ஷனோட வடிவமே மாறுது. லைப்ரரி மாறினதும் சர்வர், மொபைல் ரெண்டும் உடைஞ்சிடுமே?

ஒரே அடியாக மாற்றினால் உடையும். மூன்று படிகளாக மாற்றுங்கள். வரி கணக்கிடும் ஃபங்ஷன் இதுவரை தொகையை மட்டும் வாங்கியது, இனி மாநிலக் குறியீடும் வேண்டும் என்று வையுங்கள். முதல் படியில் புதிய ஃபங்ஷனைச் சேருங்கள். பழையது அப்படியே இருக்கட்டும், உள்ளே புதியதை இயல்பு மாநிலத்தோடு அழைக்கட்டும், 'வழக்கொழிகிறது' என்ற எச்சரிக்கையும் அதில் இருக்கட்டும். இரண்டாம் படியில் சர்வரும் மொபைலும் அவரவர் வசதிப்படி பாயின்டரை நகர்த்தி, புதிய ஃபங்ஷனுக்கு மாறட்டும். மூன்றாம் படியில், பழையதை யாரும் அழைக்கவில்லை என்று எல்லா ரெப்போவிலும் தேடி உறுதிசெய்த பிறகு நீக்குங்கள். எந்தப் படிக்கு நடுவில் நிறுத்தினாலும் எல்லா ரெப்போவும் ஓடும். 1ஆம் பதிலில் சொன்ன இடைவெளி இப்படித்தான் பாதுகாப்பாகிறது.

மூன்றாம் படியைத் தள்ளிப்போட்டு மறந்துவிடுவதுதான் இந்த முறையின் பலவீனம். முதல் படியை மெர்ஜ் செய்யும்போதே நீக்குவதற்கான டிக்கெட்டையும் திறந்து ஒருவர் பெயரில் போட்டுவிடுங்கள்.

சர்வருக்கும் மொபைலுக்கும் நடுவே போகும் ஏபிஐ மாறுவதென்றால் இன்னும் பொறுமை வேண்டும். ஆப்பை அப்டேட் செய்யாத பயனர்களின் போன்களில் பழைய வடிவம் ஓடிக்கொண்டே இருக்கும். பழைய எண்ட்பாயின்டுக்கு வரும் அழைப்புகளை லாகில் எண்ணிப் பார்த்து முடிவெடுங்கள். எல்லா ரெப்போவும் மாறிவிட்டது என்பது இங்கே போதாது.

10. மூணு புல் ரிக்வெஸ்ட். ரிவ்யூ பண்றவர் எப்படிச் சேர்த்துப் பார்ப்பார்? சிஐ எப்படிச் சேர்த்து ஓடும்?

மூன்று ரெப்போவிலும் டிக்கெட் எண்ணோடு ஒரே பெயரில் பிராஞ்ச் போடுங்கள். லைப்ரரியின் புல் ரிக்வெஸ்ட்டில் மற்ற இரண்டின் இணைப்புகளையும், எது முதலில் மெர்ஜ் ஆக வேண்டும் என்ற வரிசையையும் எழுதுங்கள். பேரன்ட் இரண்டையும் டிராஃப்டாக வையுங்கள்; யாரும் அவசரப்பட்டு மெர்ஜ் செய்ய முடியாது. அவற்றின் பாயின்டர் லைப்ரரியின் ஃபீச்சர் பிராஞ்சைக் காட்டினால் சிஐ சேர்த்தே சோதிக்கும். கடைசியில் 6ஆம் பதிலின் விதிப்படி மாற்றிவிடுங்கள்.

ரெப்போ எண்ணிக்கை கூடும்போது இதற்கென்றே உள்ள கருவிகள் கைகொடுக்கும். கெரிட் என்ற கோட் ரிவ்யூ கருவியில் பல ரெப்போக்களின் மாற்றங்களுக்கு ஒரே 'டாபிக்' பெயர் கொடுக்கலாம். அட்மின் 'சப்மிட் ஹோல் டாபிக்' அமைப்பைத் திறந்துவைத்திருந்தால் மொத்தமாகச் சப்மிட் ஆகும். ஓப்பன்ஸ்டாக் திட்டத்தில் பிறந்த ஜூல் என்ற சிஐ, கமிட் செய்தியில் 'டிபெண்ட்ஸ்-ஆன்:' என்ற வரியைப் பார்த்து, அந்த இன்னொரு ரெப்போ மாற்றத்தையும் சேர்த்து வைத்தே டெஸ்ட் ஓட்டும். அது மெர்ஜ் ஆகாமல் இது மெர்ஜ் ஆகாது. பத்துக்கு மேல் ரெப்போ வைத்திருப்பவர்கள் ஜூல் கருவியை ஒருமுறை பார்க்க வேண்டும்.

11. லோக்கல்ல சரியா வருது. சிஐயில மட்டும் சப்மாட்யூல் இறங்க மாட்டேங்குது.

அனேகமாக அனுமதிப் பிரச்சினை. கிட்ஹப் ஆக்ஷன்ஸில் செக்அவுட் படி இயல்பாக சப்மாட்யூலை எடுக்காது. 'சப்மாட்யூல்ஸ்: ரிகர்சிவ்' என்று கேட்க வேண்டும். கேட்டாலும் அது தரும் இயல்பு டோக்கனுக்கு அந்த ஒரே ரெப்போவில்தான் உரிமை. பிரைவேட் லைப்ரரி என்றால் அதைப் படிக்க மட்டும் உரிமையுள்ள டெப்ளாய் கீ அல்லது தனி டோக்கன் தாருங்கள். கிட்லேபில் 'கிட்_சப்மாட்யூல்_ஸ்ட்ராட்டஜி' மாறியை 'ரிகர்சிவ்' ஆக்கி, லைப்ரரி ப்ராஜெக்ட்டின் அனுமதிப் பட்டியலில் பேரன்ட்டைச் சேருங்கள்.

`.கிட்மாட்யூல்ஸ்` ஃபைலில் முழு முகவரிக்குப் பதில் `../வரி.கிட்` என்று சார்பு முகவரி எழுதினால், எஸ்எஸ்எச்சில் குளோன் செய்தவருக்கு எஸ்எஸ்எச்சிலும் எச்டிடிபிஎஸ்சில் வந்த சிஐக்கு அதிலுமே இறங்கும். டெஸ்ட்டுக்காக டிஸ்க்கிலேயே இருக்கும் ரெப்போவை சப்மாட்யூலாக வைத்தவர்களுக்கு 'டிரான்ஸ்போர்ட் ஃபைல் நாட் அலவ்ட்' என்று வரும். சிவிஇ-2022-39253 என்ற பாதுகாப்புக் குறையை அடைக்க கிட் 2.38.1 இல் கொண்டுவந்த தடை அது. அந்த டெஸ்ட் கட்டளைக்கு மட்டும் `-சி புரோட்டோகால்.ஃபைல்.அலவ்=ஆல்வேஸ்` கொடுங்கள், குளோபலாகத் திறக்க வேண்டாம்.

12. சப்மாட்யூலே வேண்டாம்னு தோணுது. வேற என்ன வழி?

லைப்ரரி எத்தனை முறை மாறுகிறது என்பதைப் பார்த்து முடிவெடுங்கள். எப்போதாவது மாறினால் பேக்கேஜாக வெளியிட்டு, பதிப்பு எண்ணால் இணைப்பதே மேல். லாக் ஃபைல் பாயின்டரின் வேலையைச் செய்யும். உருவாக்கும் நேரத்தில் வெளியிடாத லைப்ரரியோடு ஓட்டிப் பார்க்க ஒவ்வொரு மொழியிலும் வழி உண்டு: கோ 1.18 முதல் `கோ.வொர்க்` ஃபைல், பைத்தானில் `பிப் இன்ஸ்டால் -ஈ`, ரஸ்டில் கார்கோவின் 'பேட்ச்' பகுதி. கோவில் `ரிப்ளேஸ்` வரியில் உங்கள் மெஷினின் பாதையை எழுதி அதையே கமிட் செய்துவிடாதீர்கள்.

கிட்டத்தட்ட எல்லா டிக்கெட்டும் லைப்ரரியையும் சர்வரையும் சேர்த்தே தொடுகிறதா? அப்படியானால் அவை இரண்டு ரெப்போவாக இருக்கக் காரணமே இல்லை. ஒன்றாக்கிவிடுங்கள், 1ஆம் கேள்வியே இல்லாமல் போகும். `கிட் சப்ட்ரீ ஆட்` வரலாற்றோடு சேர்த்து உள்ளே கொண்டுவந்துவிடும். நூற்றுக்கணக்கில் ரெப்போ வைத்திருப்பவர்களின் உலகம் வேறு. ஆண்ட்ராய்டு மூலநிரல் 'ரெப்போ' என்ற பெயருள்ள கருவியாலும் ஒரு மேனிஃபெஸ்ட் ஃபைலாலும் ஆளப்படுகிறது. `ரெப்போ மேனிஃபெஸ்ட் -ஆர்` கொடுத்தால் அந்த நிமிடத்தில் ஒவ்வொரு ரெப்போவும் நிற்கும் கமிட் எண் பதிவாகும். ரிலீஸ் நாளில் அந்த ஃபைல் கையில் இல்லையென்றால் பிறகு அதே பில்ட்டை எடுக்க முடியாது.

13. எந்த மாற்றத்தால உடைஞ்சதுன்னு எப்படித் தேடறது? குற்றம் எந்த ரெப்போவிலன்னே தெரியலை.

பேரன்ட்டில் தொடங்குங்கள். உடைத்த கமிட்டைப் பாதிபாதியாகப் பிரித்துத் தேடும் கருவி பைசெக்ட். `கிட் பைசெக்ட் ரன்` கொடுக்கும் ஸ்கிரிப்ட்டின் முதல் வரியாக 3ஆம் பதிலின் சப்மாட்யூல் அப்டேட் கட்டளையை வையுங்கள், பிறகு டெஸ்ட். அப்டேட்டோ பில்ட்டோ தோற்றால் ஸ்கிரிப்ட் 125 என்று வெளியேறட்டும். பைசெக்ட் அந்தக் கமிட்டைத் தாண்டிச் செல்லும். வரும் விடை சாதாரண கமிட் என்றால் வேலை முடிந்தது. பாயின்டரை நகர்த்திய கமிட் என்றால், பழைய எண்ணை நல்லது, புதிய எண்ணைக் கெட்டது என்று வைத்து லைப்ரரிக்குள் இரண்டாவது பைசெக்ட் ஓட்டுங்கள்.

பாயின்டரை நகர்த்துவதும் சர்வர் கோடை மாற்றுவதும் ஒரே கமிட்டில் இருந்தால் இந்தப் பிரிப்பு கிடைக்காது. 9ஆம் பதிலின் முறையில் போனால் பாயின்டர் மட்டும் நகரும் கமிட்டைத் தனியாகப் போடலாம். பழைய ஃபங்ஷன் இன்னும் இருப்பதால் அது மட்டுமே பில்ட் ஆகும்.

14. புரொடக்ஷன்ல போய் உடைஞ்சிடுச்சு. எதை முதல்ல திரும்ப எடுக்கணும்?

ஏற்றிய வரிசைக்கு நேர் எதிராக. முதலில் சர்வரில், புதிய ஃபங்ஷனை அழைக்கும் கமிட் இருந்தால் அதையும், பிறகு பாயின்டரை நகர்த்திய கமிட்டையும் `கிட் ரிவர்ட்` செய்து டெப்ளாய் செய்யுங்கள். சர்வர் பழைய லைப்ரரியோடு ஓடத் தொடங்கிவிடும், லைப்ரரியில் எதையும் தொட வேண்டியதே இல்லை. சாவகாசமாக லைப்ரரியின் மெயினிலும் ரிவர்ட் போடுங்கள் அல்லது சரிசெய்யுங்கள். லைப்ரரியில் ஃபோர்ஸ் புஷ் செய்து அந்தக் கமிட்டை அழிப்பது மட்டும் கூடாது. மொபைல் அதைக் காட்டிக்கொண்டிருந்தால் 6ஆம் கேள்வியின் நிலைதான். வெளியிட்ட டேகை இன்னொரு கமிட்டுக்கு நகர்த்துவதும் அதே காரணத்தால் தவறு. புதிய எண்ணில் புதிய டேக் போடுங்கள்.

15. லைப்ரரி ரெப்போவையே வேற கிட் சர்வருக்கு மாத்திட்டோம். இப்ப என்ன செய்யணும்?

`.கிட்மாட்யூல்ஸ்` ஃபைலில் முகவரியை மாற்றிக் கமிட் செய்யுங்கள். ஏற்கெனவே குளோன் வைத்திருக்கும் எல்லோரும் புல் செய்த பிறகு `கிட் சப்மாட்யூல் சிங்க் --ரிகர்சிவ்` கொடுக்க வேண்டும். பழைய முகவரி அவரவர் லோக்கல் கான்ஃபிக்கில் தனியாகப் பதிந்திருப்பதால் புல் மட்டும் போதாது.

பழைய ரிலீஸை எடுத்து பில்ட் செய்யும்போது சிக்கல் வரும். அந்தக் கமிட்டில் உள்ள `.கிட்மாட்யூல்ஸ்` பழைய முகவரியைத்தான் சொல்லும், அதை இனி மாற்ற முடியாது. பழைய கிட் சர்வரைப் படிக்க மட்டும் திறந்து வைக்க முடிந்தால் வையுங்கள். முடியாவிட்டால் பில்ட் மெஷின்களின் குளோபல் கான்ஃபிக்கில் `யூஆர்எல்.<புதிய முகவரி>.இன்ஸ்டெட்ஆஃப்` என்ற அமைப்புக்குப் பழைய முகவரியை மதிப்பாகக் கொடுங்கள். பழைய முகவரியைக் கேட்கும்போதெல்லாம் கிட் புதியதற்கே போகும்.